குடலைச் சுருக்கியவர்களின் மூட்டுவலி

சேலத்துக்கு இறங்கினால் எடை குறைக்கும் ஆபரேஷன் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிய நம் சேர்வராயன் மலைத் தலைமுறைக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இதற்கு எழுபது வருடச் சரித்திரம் உண்டு. அதன் தொடக்கம் சோகமானது.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டா டாக்டர்கள் கிரெமனும் லின்னரும் குடலைச் சுருக்கும் முறையை வெளியிட்டார்கள். 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெய்ன், டிவிண்ட் இருவரும் ஒரு கணக்கு வகுத்தார்கள். சிறுகுடலின் மேல்பகுதியில் 14 அங்குலம், கடைசிப் பகுதியில் 4 அங்குலம், இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவது. இருபது அடிக் குடலில் ஒன்றரை அடிதான் வேலை செய்யும். மிச்சத்தை வெட்டி எறியவில்லை. மேல்முனையை மூடி வயிற்றுக்குள்ளேயே விட்டார்கள்.

எடை மளமளவென்று குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்கு உயிரையே வாங்கிய கல்லீரல் கேடு. இவற்றையாவது ஊகிக்கலாம். விரலும் மணிக்கட்டும் முழங்காலும் வீங்குவதும், தோலில் கொப்புளம் எழும்புவதும், காய்ச்சல் விட்டுவிட்டு வருவதும் ஏன்? குடலில் கத்தி வைத்தால் முழங்கால் ஏன் வலிக்க வேண்டும்?

விடை அந்தச் சும்மா கிடந்த குடலில் இருந்தது. உணவு ஓடாத இடத்தில் கிருமிகள் பெருகின. அவற்றின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவற்றைப் பிடித்துக் கட்டியது. அந்தக் கட்டுகள் மூட்டிலும் தோலிலும் போய்த் தங்கி அழற்சியை மூட்டின. 1976-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளின் ரத்தத்திலேயே அதைக் கண்டார்கள். காவல்காரன் திருடனைத் துரத்திக்கொண்டு வீட்டுச் சாமான்களையே உடைத்த கதைதான்.

குடல் கிருமி ஆராய்ச்சியில் நம் பக்கமும் பின்தங்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஸ்புரூ என்ற குடல் நோயை ஆராய்ந்தபோது, நோயே இல்லாத தென்னிந்தியர்களின் மேல்குடலிலும் கிருமிகள் கணிசமாக இருப்பது அங்கே தெரியவந்தது.

1980 வாக்கில் பழைய முறை வழக்கொழிந்தது. இன்றைய முறைகளில் இத்தொல்லை அபூர்வம். ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. ஆபரேஷன் ஆனவர் மூட்டு வீங்கினால், அது வயசு வாதம் என்று விட்டுவிடாமல், குடல் ஆபரேஷன் நடந்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலருக்கு வலி தணிந்தது, நிறுத்தியதும் திரும்பியது. குடலைப் பழையபடி இணைத்தவர்களுக்கு வலி போயிற்று. இறங்கிய எடை மட்டும் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது.