க்ராஃபோர்டு துரையும் மும்பை பட்ஜெட்டும்

மும்பைக்கு மாற்றலாகி வந்த முதல் கோடையில், எல்லாரையும் போல நாங்களும் க்ராஃபோர்டு மார்க்கெட்டுக்கு அல்ஃபோன்சா பெட்டி வாங்கப் போனோம். "யாருப்பா இந்த க்ராஃபோர்டு?" என்று மகள் கேட்டாள். "யாரோ வெள்ளைக்காரத் துரைம்மா" என்று சமாளித்தேன். பிற்பாடு படித்தபோதுதான், மனுஷர் முனிசிபல் பட்ஜெட் சண்டையில் பதவி போனவர் என்று தெரிந்தது. பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதைவிடச் சுவாரஸ்யமான கதை கிடைக்குமா?

1858 சட்டப்படி பம்பாய் நகராட்சியை மூன்று கமிஷனர்கள் நடத்தினார்கள். ஒரு வண்டிக்கு மூன்று வண்டிக்காரர்கள். வேலை நகரவில்லை. 1865-ல் புதுச் சட்டம் வந்தது. ஒரே கமிஷனர், அவர் கையில் முழு நிர்வாகம். வருடாந்திர பட்ஜெட்டுக்கு அனுமதி தரவேண்டியது ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற கௌரவப் பிரமுகர்கள். இவர்களை நியமித்தது அரசாங்கம். வரி கட்டுகிற ஜனங்கள் யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. முதல் கமிஷனராக வந்தவர் ஆர்தர் க்ராஃபோர்டு.

அந்த 1865-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு எக்கச்சக்க விலை கிடைத்து, ஊரே பங்குச் சந்தையில் ஆடிக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. பங்குகளை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த பேங்க் ஆஃப் பாம்பே, 1868-ல் மூடப்பட்டது. (எங்கள் தொழிலில் சில பாடங்களை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் படிக்கும்.) 1864 கணக்கெடுப்பில் 8,16,562 பேர் இருந்த ஊரில் 1872-ல் 6,44,405 பேர்தான்.

ஊர் திவாலான இந்த நேரத்தில்தான் க்ராஃபோர்டு செலவழிக்கத் தொடங்கினார். சாக்கடை, சாலை, துப்புரவு, 1869-ல் முடிந்த அந்த மார்க்கெட். சுகாதார அதிகாரி டாக்டர் ஹியூலெட் துணையோடு ஊரைச் சுத்தம் செய்தார். அதுவரை பம்பாய் நாற்றத்துக்குப் பேர் போனது. பணத்துக்கு வீட்டு வரி, விளக்கு வரி, வண்டி வரி, மலம் அள்ளுவதற்கான ஹலால்கோர் வரி, ஊருக்குள் வரும் சரக்குக்குச் சுங்கம் என்று பலதும் இருந்தன. பத்தவில்லை. ஒதுக்கியதற்கு மேல் செலவாகிக்கொண்டே போனது. ஜஸ்டிஸ்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், மேக்கர் இருக்கிறார், செக்கர் நாற்காலியில் தூங்குகிறார்.

1871-ல் பொறுமை போயிற்று. வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்பவர் ஜஸ்டிஸ்கள் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். கமிஷனரின் அதிகாரத்தை எடுத்து ஒரு டவுன் கவுன்சிலிடம் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஊரே கைதட்டியது.

அப்போது எதிர்த்துப் பேசியவர், லண்டனில் பாரிஸ்டர் படித்து வந்த 26 வயசுப் பார்சிப் பையன். பெயர் ஃபெரோஸ்ஷா மேத்தா. 1871 நவம்பரில் ஃப்ராம்ஜி கவாஸ்ஜி இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். க்ராஃபோர்டு செய்த வேலைகள் ஊருக்குத் தேவையானவை. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை, தடுக்கவேண்டிய ஜஸ்டிஸ்கள் தடுக்கவில்லை. அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையே, பின்னே எப்படித் தடுப்பார்கள்? நிர்வாகம் ஒரே ஆளிடம் இருக்கட்டும், பணப்பையின் சாவி வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுத்த சபையிடம் இருக்கட்டும் என்றார். கூட்டத்தில் கூச்சல். அத்தனை பேரும் ஒரு ஆளைக் கல்லெறியக் கிளம்பியிருக்கும்போது, கல்லை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! எனக்கு வந்திருக்காது.

க்ராஃபோர்டு போனார். ஆனால் 1872 சட்டம் மேத்தா சொன்ன திசையில்தான் வந்தது. 64 பேர் கொண்ட கார்ப்பரேஷனில் 32 பேரை வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 16 பேரை ஜஸ்டிஸ்கள், மீதி 16 பேரை அரசு. ஓட்டு என்னவோ காசு உள்ளவர்களுக்குத்தான், அது வேறு கதை. முதல் தேர்தல் 1873-ல் நடந்தது. கமிஷனர் பதவியும் நீடித்தது, அவருக்கு மேலே கணக்குக் கேட்க ஆளும் வந்தது. 1888-ல் வந்த சட்டம், நிறையத் திருத்தங்களோடு, இன்றும் இந்த ஊரை ஆள்கிறது.

அதே 1888-ல் க்ராஃபோர்டு மேல் லஞ்ச வழக்கு வந்தது. விசாரணைக் குழு லஞ்சக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் தன் அதிகார எல்லைக்குள் இருந்தவர்களிடம் கடன் வாங்கியது நிரூபணமாகி வேலை போயிற்று. கைச்செலவிலும் பட்ஜெட் போடாத ஆள் போலிருக்கிறது :-)

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் 227 கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. நடுவில் கமிஷனரே நிர்வாகி. 2023, 2024, 2025 பட்ஜெட்டுகளுக்கு நிலைக்குழுவும் இல்லை, சபையும் இல்லை. கமிஷனராகத் தயாரித்ததை நிர்வாகியாக அவரே ஒப்புக்கொண்டார். 2025-26க்கான தொகை மட்டும் 74,427 கோடி. செலவு நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை, கடற்கரைச் சாலையில் நானும்தான் போகிறேன். எங்கள் கிளையில் ஒரே ஆள் வவுச்சர் எழுதி அவரே பாஸ் பண்ணினால் மறுநாள் ஆடிட்டர் வந்து நிற்பார்.

அந்த நாலு வருஷமும் மாநகராட்சிக் கட்டடத்துக்கு வெளியே மேத்தா சிலையாக நின்றுகொண்டுதான் இருந்தார். அடுத்த முறை சி.எஸ்.டி.யில் இறங்கினால் தலை தூக்கிப் பாருங்கள்.