கல்லிலே சாவித்திரி

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழன்பர்களுக்கு எல்லை என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அடுத்த தாலுகாவாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மண் இருந்த இடத்திலேயே இருந்தது, கோடுதான் மாறிற்று. இத்தகைய எல்லை வழக்கு அரியலூர்ப் பக்கத்துக் கல்லுக்கும் உண்டு. அதில் சாட்சி சொன்னவை கடற்பாசிகள்.

அரியலூரை அடுத்த நின்னியூரின் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு. திருச்சிராப்பள்ளிச் சீமையின் இப்பாறைகளைப் பற்றி பிளான்போர்டு 1862இல் நூல் வெளியிட்டார். சிப்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன, பாசிகள் தெரியவில்லை. பெங்களூர்ப் பேராசிரியர் எல். ராமராவ் கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுண்பெருக்கியில் நோக்கினார். வியன்னா அறிஞர் ஜூலியஸ் பியாவும் அவரும் சேர்ந்து 1936இல் ஆராய்ச்சியை வெளியிட்டனர்.

பாசி என்றதும் குளத்துப்படியில் வழுக்கும் பச்சையை எண்ண வேண்டா. இவை வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வளர்பவை. நடுவே ஒரு தண்டு. அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கிளைகள். உடல் முழுவதும் ஒரே உயிரணு என்பதுதான் வியப்பு! கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு அதன்மேல் சட்டைபோலப் படியும். செடி அழுகிப்போகும், சட்டை நிற்கும். தண்டும் கிளையும் இருந்த இடம் துளைகளாகத் தெரியும். அத்துளைகளின் அமைப்பைக் கொண்டே உறவுமுறை அறிகிறார்கள்.

பியா இட்ட பெயர்களைக் கேளுங்கள்: டிஸ்ஸோகிளாடெல்லா சாவித்திரியே, இந்தோபோலியா சத்தியவந்தி, அசிக்குலேரியா துயுமத்சேனே. சாவித்திரியையும் கணவனையும் பார்வையிழந்த மாமனாரையும் வியன்னாக்காரர் ஒரே பாறையில் குடியேற்றிவிட்டார்!

பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அசிக்குலேரியா என்னும் வகை பிரான்சில் 1843இல் கற்படிவமாகவே பெயர் பெற்றது. அவ்வகையைச் சேர்ந்த பாசி பின்னர்ப் பிரேசில் கடற்கரையில் உயிரோடு கிடைத்தது. குடைபோல விரியும் அசெட்டாபுலேரியா அதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் நின்னியூர்ப் பாசியை இவற்றின் நேர்ப்பாட்டன் என்று சொல்லிவிடலாகாது. ஒரே குலத்தின் வெவ்வேறு கிளைகள் என்பதே தகும். கல்லில் நூற்றுக்கணக்கான இனங்களைக் காட்டும் அக்குலத்தில் இன்று வாழ்பவை ஏறத்தாழ நாற்பதே.

இனி எல்லை வழக்கு. பாசிகள் டேனியன் என்னும் காலத்தைச் சுட்டின. 1936இல் அது கிரெட்டேசியஸ் யுகத்தின் கடைசிப் படியாக எண்ணப்பட்டது; ஆராய்ச்சியின் தலைப்பும் அப்படியே கூறுகிறது. பிற்காலத்தில், ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்த இடமே எல்லை என்று முடிவாயிற்று. டேனியன் அடுத்த யுகத்தின் முதற்படியானது. நின்னியூர்க் கல் அசையாமலே எல்லை தாண்டியது. டைனோசர்களை அழித்த கேட்டிலே பிழைத்த இப்பாசிக் குலமோ அதன்பின் முன்னிலும் செழித்தது.

அரியலூர் செல்லும் அன்பர்கள் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பழங்கடலின் கற்படிவங்களைக் காணலாம். பாசியின் துளைகளைப் பார்க்க மட்டும் நுண்பெருக்கி வேண்டும்.