கற்பிட்டிக் கோட்டையும் கரைக்காவலும்

புத்தளக் கடனீரேரியின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் எழுப்பினர். கண்டி அரசு புத்தளம் வழியே நடத்திய கடல்வாணிகத்தைத் தம் கட்டுப்பாட்டிற்குள் கொணர்வதே அவர்தம் நோக்கமாகும். அன்று சரக்கின்மீது வைக்கப்பட்ட காவல், சுதந்திர இலங்கையில் மனிதர்மீது திரும்பியதை நாம் காண்கிறோம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து களவாக வருவோரைத் தடுக்கவென 1952இல் இராணுவம் 'மொன்டி நடவடிக்கை'யைத் தொடங்கியது. 1963இல் விரிவாக்கப்பட்ட அது 1981 வரை நீடித்தது. 'கள்ளத்தோணி' என்னும் சொல்லோ கரையிறங்கியோருடன் நில்லாது, தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்தோரையும் சுட்டும் வசையாயிற்று.

கற்பிட்டிக் கோட்டையில் இன்று கடற்படை நிலைகொண்டுள்ளது. கரையில் நிறுத்தப்படும் காவல், நாட்டினுள் வாழ்வோருள் யாரை அந்நியராக்குகிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.