வாக்கு ஒன்றுதான், எண்ணும் முறைகள் பல

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று இங்குள்ள ஊராட்சிகள் இன்றும் பழைய பெயர்களையே தாங்கியிருக்கின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழே.

இம்மலை சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். 2008ஆம் ஆண்டு தொகுதிச் சீரமைப்புக்கு முன் உப்பிலியபுரமும் சேர்ந்து மூன்று இருந்தன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலை வட்டத்தின் மக்கள் தொகை, குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 40 ஆயிரம். தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். அப்படியானால் மலையில் உள்ள வாக்காளர்கள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்ட மாட்டார்கள். அரசியலமைப்பின் 332ஆம் பிரிவு தரும் ஒதுக்கீடு, யார் போட்டியிடலாம் என்பதைத்தான் வரையறுக்கிறது. யார் வெல்ல வேண்டும் என்பதைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே வேட்பாளர் பழங்குடியினராக இருந்தாலும், அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளில் பெரும்பகுதி சமவெளியில்தான் இருக்கிறது.

சிறு தொகையினரின் வாக்குக்கு வலிமை எங்கிருந்து வரும்? வாக்குகளை எண்ணும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. இதைப் புரிந்து கொள்ள, கொல்லிமலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த வேறொரு தொகுதியின் வரலாற்றைப் பார்ப்போம்.

பார்வதிபுரத்தில் நடந்தது

நம் நாட்டின் முதல் இரு பொதுத் தேர்தல்களில் ‘இரட்டை உறுப்பினர் தொகுதிகள்’ இருந்தன. 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 205 இடங்கள் 167 தொகுதிகளில் அடங்கின. அவற்றில் 38 தொகுதிகள் இரண்டிரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. இத்தகைய தொகுதிகளில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஒதுக்கப்பட்ட பிரிவு வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம். பிறகு எஞ்சிய அனைவரிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம்.

ஆந்திரப் பிரதேசத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியும் அத்தகையதே. ஓர் இடம் பழங்குடியினருக்கு, மற்றது பொது. 1957இல் பொது இடத்தை நாடி நின்றவர்களில் ஒருவர் மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்த வி. வி. கிரி. எண்ணி முடித்தபோது எதிர்பாராத முடிவு! முதலிரு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்களே நின்றார்கள். சத்தியநாராயணாவுக்கு ஒதுக்கீட்டு இடமும், சூரி தோராவுக்குப் பொது இடமும் கிடைத்தன. கிரி சில நூறு வாக்குகளில் தோற்றார்.

ஒதுக்கீட்டு இடத்துக்கு நின்றவர் பொது இடத்தைப் பெறலாமா என்று கிரி வழக்குத் தொடுத்தார். பெறலாம் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961இல் ஒரு சட்டத்தின் மூலம் இரட்டைத் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவர் வென்றவர் என்ற இன்றைய முறை எங்கும் நிலைபெற்றது.

அதே கிரி, வேறு கணக்கு

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1969 ஆகஸ்டில், அதே கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். அங்கே எண்ணும் முறை வேறு. வாக்களிப்பவர் 1, 2, 3 என்று தம் விருப்பத்தை வரிசைப்படுத்துவார். பாதிக்கு மேல் பெற்றால்தான் வெற்றி. ஒருவரும் அதை எட்டாவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி மற்றவர்களுக்குப் பகிர்வார்கள்.

முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. பகிர்ந்து முடித்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரியே வென்றார். ஆனால் 87,967 ஆக இருந்த முன்னிலை 14,650 ஆகச் சுருங்கியதைக் கவனித்தீர்களா? மற்ற வேட்பாளர்களை ஆதரித்தவர்களில் பெரும்பாலோரின் அடுத்த விருப்பம் ரெட்டி என்ற உண்மை, முதல் எண்ணிக்கையில் மறைந்து கிடந்தது. இன்னும் சிறிது கூடியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக் கொள்வோம். 100 வாக்குகள். மலைச்சாலையே முதல் வேலை என்று சொல்லும் இருவர் 30, 28 பெறுகிறார்கள். வேறு நோக்குடைய மூன்றாமவர் 42 பெறுகிறார். இன்றைய முறையில் 42 வெல்லும். 58 பேர் விரும்பிய சாலை தோற்கும். விருப்ப வரிசை முறையிலோ 28 பேரின் வாக்குகள் அவர்களது அடுத்த விருப்பத்துக்குப் போய், 30 என்பது 58 ஆகலாம். மூன்றாமவரும் அந்த 28 பேரை நாடிச் சென்று வாக்குக் கேட்டாக வேண்டும். சிறு தொகையினரின் வாக்குக்கு வலிமை கூடுவது இப்படித்தான்.

பிற நாடுகளில்

கட்சிகள் பெறும் வாக்கு வீதத்துக்கு ஏற்ப இடங்களைத் தருவது விகிதாசார முறை. இலங்கை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூலம் இதை ஏற்று, 1989இல் முதன்முதலாக இம்முறையில் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கே அதிபர் தேர்தலில் விருப்ப வரிசை உண்டு. 2024இல் எவரும் பாதியை எட்டாததால், முதன்முறையாக இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது. நியூசிலாந்தில் பழங்குடி மவோரி மக்களுக்கு 1867 முதலே தனித் தொகுதிகள் உண்டு. 1993இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தொகுதியையும் விகிதாசாரத்தையும் இணைத்த கலப்பு முறைக்கு அந்நாடு மாறியது. 1996 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. அதன்பின் மவோரி உறுப்பினர்களின் எண்ணிக்கை உயர்ந்தது.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் 1949 ஜனவரியில் இக்கேள்வி எழுந்தது. விகிதாசார முறைக்குப் பரவலான எழுத்தறிவு வேண்டும் என்றும், அவை பல குழுக்களாகச் சிதறினால் ஆட்சி நிலைக்காது என்றும் அம்பேத்கர் மறுத்தார். இரண்டும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. ஆனால் 1951இல் நூற்றுக்குச் சுமார் 18 ஆக இருந்த எழுத்தறிவு, 2011இல் 74 ஆகிவிட்டது. முதல் காரணம் பெருமளவு தேய்ந்துவிட்டது. இரண்டாவது இன்றும் நிற்கிறது. அதற்கும் ஒரு நடுவழி உண்டு. தொகுதிகளை அப்படியே வைத்துக் கொண்டு, கூடுதலாக ஒரு பகுதி இடங்களை மட்டும் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்பலாம் என்று 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் கூறியது. விருப்ப வரிசையை மட்டும் கொண்டுவந்தால் தொகுதியும் உறுப்பினரும் இப்போது போலவே இருப்பார்கள். எண்ணும் முறைதான் மாறும்.

எந்த முறையும் 40 ஆயிரம் பேரை இரண்டு லட்சம் ஆக்கிவிடாது. ஆனால் அவர்களைக் கேளாமல் வெல்ல முடியாது என்ற நிலையை உண்டாக்க முடியும். இதை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுற்றுலாவுக்கு மூன்று ஊர்களின் பெயரை எழுதிப் போடுங்கள். ஒவ்வொருவரும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தட்டும். முதலில் ‘1’ஐ மட்டும் எண்ணுங்கள். பிறகு கடைசி ஊரை நீக்கிப் பகிர்ந்து எண்ணுங்கள். இரண்டு முடிவும் ஒன்றாக இருந்தனவா? இல்லையென்றால், எது வகுப்பின் விருப்பம் என்று உங்களுக்குள் விவாதியுங்கள்.