பணி வடிவமைப்பு ஆய்வுகள்

பணி வடிவமைப்பு என்பது ஒரு வேலையை எந்தெந்தக் கூறுகளாகப் பிரிப்பது, எந்தக் கூறை யாரிடம் ஒப்படைப்பது, செய்யும் முறையையும் வேகத்தையும் யார் முடிவு செய்வது ஆகியவற்றை வகுக்கும் ஏற்பாடு. இந்த ஏற்பாடு தொழிலாளரின் செயல்திறனையும் உடல்நலத்தையும் மனநலத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்வது பணி வடிவமைப்பு ஆய்வு. தொழில் உளவியல், சமூகவியல், மருத்துவம், பொருளியல் ஆகிய துறைகள் இதில் பங்கு பெறுகின்றன. செயல்திறனும் நலமும் சேர்ந்தே உயர்வதும் உண்டு, ஒன்று உயர மற்றது தாழ்வதும் உண்டு என்பது ஒரு நூற்றாண்டு ஆய்வுகளின் முடிவு. வேலையைப் பற்றிய முடிவுரிமை யார் கையில் இருக்கிறது என்பது இதில் திரும்பத் திரும்பத் தென்படும் காரணி.

அறிவியல் மேலாண்மை

வேலையை அளந்து பிரித்து ஆராயும் முறைக்கு வழிவகுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் (1856–1915). 1911இல் வெளியான தம் நூலில் அவர் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்பு சுமந்தவர்களை எடுத்துக்காட்டினார். நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிய ஆள், எப்போது தூக்குவது, எப்போது ஓய்வது என்று பிறர் சொன்னபடி செய்து 47½ டன் ஏற்றினார் என்றும், அவர் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்றும் டெய்லர் எழுதினார். இந்த விவரிப்பில் மிகைப்படுத்தல் உண்டு என்று பிற்கால வரலாற்றாய்வாளர்கள் காட்டியுள்ளனர். சிந்திப்பது மேலாளர் பொறுப்பு, செய்வது தொழிலாளி பொறுப்பு என்று பிரித்ததே டெய்லர் முறையின் அடிப்படை.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் நிறுத்துக் கடிகாரத்துடன் வேலையை அளக்க வந்ததைக் கண்டித்து வார்ப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று டெய்லரை விசாரித்தது. 1913இல் போர்டு நிறுவனம் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசையைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. அவ்வாண்டு வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை மொத்தப் பணியிடங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நாளுக்கு 5 டாலர் ஊதியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டனில் முதல் உலகப்போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிலாளர் உடல்நலக் குழு (1915) உழைப்புக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை உடலின் பக்கமிருந்து அணுகியது. நீண்ட வேலைநேரத்தைக் குறைத்த பிறகும் மொத்த உற்பத்தி குறையவில்லை, சில பிரிவுகளில் கூடவும் செய்தது என்று எச். எம். வெர்னன் முதலியோரின் அளவீடுகள் காட்டின. களைப்பை ஒழுக்கக்குறைவாகப் பார்க்காமல் அளக்கத்தக்க ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது.

ஹாதோர்ன் சோதனைகள்

சிகாகோவை அடுத்த சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுபவை. தொடக்கத்தில் விளக்கொளி கூடினால் உற்பத்தி கூடுமா என்று பார்த்தார்கள். தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, இடைவேளை, வேலைநேரம், ஊதிய முறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் உற்பத்தி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடியது. எல்டன் மேயோ உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதற்குக் குழு உறவையும் மேற்பார்வையின் தன்மையையும் காரணமாகக் கூறினர். கவனிக்கப்படுவதாலேயே நடத்தை மாறுவதை 'ஹாதோர்ன் விளைவு' என்று அழைப்பது பின்னாளில் வந்த வழக்கம்.

இந்த விளக்கம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஒத்துழைக்கவில்லை என்று இருவர் இடையில் மாற்றப்பட்டு, வேகமாக வேலை செய்யும் வேறு இருவர் அமர்த்தப்பட்டதையும், சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்து ஊதியம் தரப்பட்டதையும் 1967இல் அலெக்ஸ் கேரி சுட்டிக்காட்டினார். ஒளிச் சோதனையின் பழைய தரவுகளைத் தேடியெடுத்து 2011இல் மறுபகுப்பாய்வு செய்த ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் ஆகியோர், கதையாகச் சொல்லப்படும் அளவு விளைவு அவற்றில் இல்லை என்றனர்.

1931–32இல் 14 ஆண் தொழிலாளரைக் கவனித்த கம்பியிணைப்பு அறை வேறொன்றைக் காட்டியது. ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று குழு தனக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்டியவரைக் கேலி செய்தும் தோளில் குத்தியும் அடக்கியது. உற்பத்தியைக் கூட்டினால் கூலி விகிதம் வெட்டப்படும் என்ற அச்சம் இதன் பின்னால் இருந்தது. அளவுகோல் மேலாளர் கையில் இருக்கும்போது, தொழிலாளர் தமக்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நிலக்கரிச் சுரங்கமும் அகமதாபாத் தறிக்கூடமும்

லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்டும், பதினெட்டு ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை செய்திருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. முன்பு இரண்டு மூன்று பேர் கொண்ட குழு வெட்டுவது முதல் அள்ளுவது வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டது. எந்திரங்களும் கடத்துபட்டையும் வந்தபின் நீண்டமுக முறை ஏற்பட்டது. நாற்பது ஐம்பது பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு ஷிப்டு வெட்டும், அடுத்தது பட்டையை நகர்த்தும், மூன்றாவது நிலக்கரியை அள்ளும். முந்தைய ஷிப்டு விட்டுப்போன குறை அள்ளுபவர் தலையில் விழுந்தது. ஒருவரையொருவர் பார்க்காதவர்களிடையே பழிபோடுதலும், வேலைக்கு வராமையும், நரம்புத்தளர்ச்சியும் பெருகின. எந்திரம் சரியாக இருந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. தொழில்நுட்பத்தையும் மனித உறவுகளையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற 'சமூக-தொழில்நுட்ப அமைப்பு' கோட்பாடு இதிலிருந்து பிறந்தது.

இக்கோட்பாடு ஆலையில் நேரடியாகச் சோதிக்கப்பட்ட முதல் இடங்களில் ஒன்று அகமதாபாத். சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் 1952இல் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. உற்பத்தி உயரவில்லை, பழுதான துணியும் குறையவில்லை. 1953இல் டேவிஸ்டாக்கிலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் காரணத்தைத் தறியில் தேடாமல் வேலைப் பிரிவினையில் கண்டார். 224 தறிகள் கொண்ட கூடத்தில் நெசவாளி, ஊடை நிரப்புபவர், அறுந்த இழை முடிபவர், எண்ணெய் போடுபவர், பெருக்குபவர் என்று பன்னிரண்டு வகை வேலைகள் இருந்தன. ஒவ்வொரு வகையினரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளைப் பார்த்துக்கொண்டதால் ஒருவரின் எல்லை மற்றவரின் எல்லையோடு பொருந்தவில்லை. ஒரு தறி நின்றால் யாருடைய பொறுப்பு என்று சொல்ல முடியாத நிலை இருந்தது.

ஒரு தறித்தொகுதியை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைப்பது ரைஸ் முன்வைத்த யோசனை. கலந்துபேசியபோது தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதைத் தமதாக்கிக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்தனர். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் உற்பத்தித் திறன் உயர்ந்தது, பழுது குறைந்தது. அனுபவத்தை ரைஸ் 1958இல் நூலாக்கினார். ஆனால் ஊதிய ஏற்பாடும் மாறியிருந்ததால், பலனில் எவ்வளவு குழுமுறைக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. 1970 வரையிலான நிலையை ஆராய்ந்து எரிக் மில்லர் 1975இல் வெளியிட்ட தொடராய்வு, சில இடங்களில் குழுமுறை நிலைத்ததையும், வேறு இடங்களில் சந்தை நெருக்கடியாலும் மேலாண்மை மாற்றத்தாலும் அது தேய்ந்துபோனதையும் பதிவு செய்தது.

அதே நகரில் விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1947இல் தொடங்கிய அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் கமலா சவுத்ரி உளவியல் பிரிவை நடத்தினார். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் தொழில் உளவியல் ஆய்வு வேரூன்றிய இடங்களுள் இது முக்கியமானது. இந்தியாவுக்கு வெளியே, சுவீடனில் வோல்வோ நிறுவனம் கால்மர் (1974), உத்தேவல்லா (1989) ஆலைகளில் தொகுப்பு வரிசைக்கு மாற்றாகக் குழுமுறையைக் கையாண்டது. விற்பனைச் சரிவின்போது இரண்டும் மூடப்பட்டன.

பணிப்பண்பு மாதிரி

ரிச்சர்ட் ஹேக்மனும் கிரெக் ஓல்ட்ஹாமும் 1975–76இல் வேலையின் தன்மையை வினாப்பட்டியல் கொண்டு அளக்கும் முறையை உருவாக்கினர். ஏழு நிறுவனங்களில் 62 வகை வேலை செய்த 658 பேரிடம் அதைச் சோதித்தனர். பல திறன்களைப் பயன்படுத்த வாய்ப்பு, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தல், அது பிறருக்குப் பயன்படுதல், தன்னுரிமை, செய்தது சரியா என்று உடனே தெரிதல் ஆகிய ஐந்து பண்புகளை அவர்கள் குறித்தனர். இவை ஊக்கத்தோடும் மனநிறைவோடும் உறுதியாகத் தொடர்புடையவை. உற்பத்தி அளவோடு உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல.

பணிச்சுமையும் முடிவுரிமையும்

1979இல் ராபர்ட் கராசெக் சுவீடன், அமெரிக்கக் கணக்கெடுப்புகளைக் கொண்டு ஒரு மாதிரியை முன்வைத்தார். சுமை மிகுதி மட்டுமே நோய்க்குக் காரணம் ஆவதில்லை. சுமை மிகுந்து முடிவுரிமை குறைந்த வேலையில்தான் இறுக்கம் உச்சமடைகிறது. இரண்டும் மிகுந்த வேலை கற்றலுக்கு வழிவிடுகிறது. பின்னர் ஜெஃப்ரி ஜான்சன் உள்ளிட்டோர் உடன்பணியாளர் ஆதரவை மூன்றாவது கூறாகச் சேர்த்தனர். 2001இல் எவாஞ்செலியா டெமரூட்டி, ஆர்னால்ட் பக்கர் முதலியோர் இதை விரிவாக்கி, வேலையின் கோரிக்கைகள் பணிச்சோர்வுக்கும், வேலை தரும் வளங்கள் ஈடுபாட்டுக்கும் இட்டுச்செல்கின்றன என்றனர்.

மைக்கேல் மார்மட் தலைமையில் 1985–88இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, லண்டனின் 20 அரசுத் துறைகளைச் சேர்ந்த 10,308 ஊழியரைப் பின்தொடர்ந்தது. மேலதிகாரிகளுக்கே மாரடைப்பு வரும் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, பதவிப் படிநிலையில் கீழே செல்லச் செல்ல இதயநோய் கூடியது. வேலையின் மீது கட்டுப்பாடு இல்லாமை இதற்கு ஒரு காரணம் என்று 1997இல் வந்த கட்டுரைகள் கூறின. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை இணைத்து ஏறத்தாழ 2 லட்சம் பேரின் தரவுகளை மிகா கிவிமாகி குழுவினர் 2012இல் ஆராய்ந்தனர். பணி இறுக்கம் உள்ளவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 23 விழுக்காடு மிகுதி என்று தெரியவந்தது. விளைவு உண்மையானது, ஆனால் புகைபிடித்தலின் தீங்கோடு ஒப்பிட மிகச் சிறியது.

வேலைநேரத்தின் தாக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் 2016இல் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் சுமார் 7,45,000 பேர் இறந்தனர் என்பது அவற்றின் கணக்கு.

மனநிறைவும் செயல்திறனும்

மகிழ்ச்சியான தொழிலாளி நன்றாக உழைப்பார் என்ற நம்பிக்கை பழமையானது. 1985இல் ஐஃபால்டானோவும் முச்சின்ஸ்கியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, மனநிறைவுக்கும் செயல்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.17 மட்டுமே என்றனர். திமோத்தி ஜட்ஜ் முதலியோர் 2001இல் 312 மாதிரிகளைக் கொண்டு அதை 0.30 என்று திருத்தினர். எது காரணம், எது விளைவு என்பதை இவ்வெண்கள் சொல்வதில்லை. நன்றாகச் செய்வதாலும் மனநிறைவு வரலாம், நல்ல வேலை இரண்டையும் தரலாம்.

களச்சோதனைகள்

காரணத்தைப் பிரித்தறியப் பொருளியலாளர்கள் தொழிலாளரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துச் சோதிக்கின்றனர். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஒன்பது மாதம் நடத்திய சோதனையில், வீட்டிலிருந்து வேலை செய்த அழைப்பு மைய ஊழியரின் செயல்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது, வேலையை விட்டவர் எண்ணிக்கை பாதியானது. எனினும் செயல்திறனுக்கேற்ற பதவி உயர்வு குறைந்தது. தனிமை தாளாமல் பலர் அலுவலகம் திரும்பினர்.

சென்னையில் பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா ஆகியோர் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. தரவு உள்ளிடும் வேலைக்கு அமர்த்தப்பட்ட 452 பேரின் தூக்கத்தை மணிக்கட்டுக் கருவியால் அளந்தபோது, இரவில் எட்டு மணி நேரம் படுத்தாலும் ஐந்தரை மணி நேரமே தூங்கினர் என்று தெரிந்தது. சத்தமும் வெப்பமும் கொசுவும் நிறைந்த நகரச் சூழலில் அத்தூக்கமும் அடிக்கடி கலைந்தது. உதவிப் பொருள்களும் ஊக்கத்தொகையும் தந்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினர். பெரும் பலன் இருக்கும் என்று வல்லுநர்கள் கணித்திருந்தும், வேலையிலோ நலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பணியிடத்தில் பிற்பகலில் அரை மணி நேரம் தூங்கவிட்டபோதோ வேலைத்திறனும் கவனமும் மனநலமும் மேம்பட்டன. ஆனால் தூங்கிய நேரத்துக்குக் கூலி இல்லாததால், இடைவிடாமல் வேலை செய்தவரைவிட அவர்கள் ஈட்டியது குறைவு. தூக்கத்தின் அளவைவிடத் தரம் முக்கியமாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் விளக்கம்.

பெங்களூருவின் ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் செய்த ஆய்வில், குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்இடி பொருத்தியதால் தையல் தளத்தின் வெப்பம் தணிந்து, வெயில் மிகுந்த நாள்களில் உற்பத்தி உயர்ந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த மாற்றம் உழைப்பவர் உடலுக்கும் உதவியது.

வரம்புகள்

நலத்தைப் பெரும்பாலும் தொழிலாளரின் சொந்த விடைகளிலிருந்து அளப்பதும், அமெரிக்க, ஐரோப்பிய அலுவலக, ஆலைப் பணியாளரையே மிகுதியாக ஆராய்ந்திருப்பதும் இத்துறையின் குறைகள். பீஸ் ரேட்டில் வீட்டிலிருந்து தைப்பவர், கட்டடத் தொழிலாளி, செயலி வழி உணவு கொண்டுசெல்பவர் போன்றோர் பற்றிய ஆய்வுகள் பிந்தியே தொடங்கின. செயலி அடுத்த வேலையையும் வழியையும் நேரத்தையும் தானே ஒதுக்குவதால், டெய்லர் காலத்துக் கேள்விகள் புதிய வடிவில் திரும்பியுள்ளன.

சட்டத்தில் தாக்கம்

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் தொழில்சார் நிகழ்வு என்று வகைப்படுத்தியது. ஜப்பான் மிகையுழைப்பு மரணங்களைத் தடுக்க 2014இல் சட்டம் இயற்றி, 2019 முதல் மிகைநேர வேலைக்கு உச்சவரம்பு விதித்தது. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களின் குரல் இதற்குப் பின்னால் இருந்தது. இவை நேரத்தையும் உடல் உழைப்பையும் ஒழுங்குபடுத்துகின்றன. முடிவுரிமையையே சட்டப் பொருளாக்கிய நாடுகள் சிலவே. டேவிஸ்டாக் ஆய்வாளர் பிரெட் எமரி, எய்னார் தோர்ஸ்ருட் ஆகியோரின் சோதனைகளைத் தொடர்ந்து நார்வே 1977இல் இயற்றிய பணிச்சூழல் சட்டம், தொழிலாளி தன் வேலையைத் தானே தீர்மானிக்க வாய்ப்புத் தரும் வகையில் பணியை அமைக்க வேண்டும் என்று முதலாளியைக் கடமைப்படுத்தியது.