லாகுவார்தியா: நிலவறைகளின் மேல் நிற்கும் ஊர்

லாகுவார்தியா என்பது வட ஸ்பெயினில், பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் ஆலவா மாகாணத்தில், குன்றின் உச்சியில் அமைந்துள்ள மதில் சூழ்ந்த ஊர். வடக்கே கான்தாப்ரியா மலைத்தொடர், தெற்கே எப்ரோ ஆறு. நடுவில் திராட்சைத் தோட்டங்கள். ரியோஹா மதுவுக்குப் பெயர்பெற்ற நிலப்பரப்பின் ஒரு பிரிவான ரியோஹா அலவேசாவில் இது முதன்மையான ஊர்.

இவ்வூர் தோன்றக் காரணம் மது அன்று, எல்லைப் பூசல். நவார்ரா, காஸ்தில் ஆகிய இரு அரசுகளும் மோதிக்கொண்ட இடம் இது. 1164இல் நவார்ரா மன்னர் ஆறாம் சாஞ்சோ இங்கு குடியேறுவோருக்கு உரிமைகள் அளித்துச் சாசனம் வழங்கினார். அவர் மகன் ஏழாம் சாஞ்சோ மதிலை வலுப்படுத்தினார். 1461இல் காஸ்தில் படை ஊரைக் கைப்பற்றியது.

மதிலைவிட வியப்பானது தரைக்குக் கீழே உள்ளது. குன்றின் பாறையைக் குடைந்து, வீடுகளுக்கு அடியில் 200க்கும் மேற்பட்ட நிலவறைகளை மக்கள் அமைத்துள்ளனர். இடைக்காலத்தில் இவை பண்டங்களைச் சேமிக்கவும் போர்க்காலத்தில் ஒளிந்துகொள்ளவும் பயன்பட்டன. போர் அச்சம் தணிந்தபின் அதே குகைகள் மதுக்கிடங்குகளாயின. கோடையிலும் குளிர்காலத்திலும் மாறாத குளுமை மதுவுக்கு ஏற்றது. மதிலுக்குள் புதிதாகக் கட்ட இடமும் இல்லை.

ஆனால் இந்த வேலையில் உயிராபத்து இருந்தது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. குகையின் அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். எனவே ரியோஹாவின் நிலவறைகளில் காற்றுப்போக்கிகள் வைத்தனர். கையில் ஏந்திய மெழுகுவத்தி அணைந்தால் உடனே மேலேறிவிட வேண்டும் என்பது தொழிலாளர் வழக்கம்.

ஊரின் கோயில்களில் சாந்தா மரியா தே லோஸ் ரேயஸ் தேவாலயத்தை அவசியம் பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட அதன் கல் வாயிலுக்குப் பிற்காலத்தில் வண்ணம் தீட்டப்பட்டது. முன்னால் எழுந்த கட்டடம் வெயில், மழையிலிருந்து காத்ததால் வண்ணம் இன்றும் மங்கவில்லை. ஸ்பானிய நீதிக்கதைக் கவிஞர் ஃபெலிக்ஸ் மரியா சாமனியேகோ 1745இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

கனமான ஊர்திகள் ஓடினால் நிலவறைகள் தாங்கா. அதனால் மதிலுக்குள் வாகனப் போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது; பயணிகள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வாயில் வழியே நடந்தே நுழைகின்றனர். மது உற்பத்தியும் பெரும்பாலும் மதிலுக்கு வெளியே போய்விட்டது. கட்டடக் கலைஞர் கலாத்ராவா வடிவமைத்த, அலை போன்ற கூரையுடைய இசியோஸ் ஆலை ஊருக்கு அருகில் உள்ளது. சாமனியேகோ குடும்ப மாளிகையின் அடியில் உள்ள நிலவறை பழைய முறையை விடவில்லை. அங்கு இன்றும் திராட்சையைக் காலால் மிதித்தே மது செய்கின்றனர்.