எல்லையில் திரும்பும் வரி: வில்லியனூரும் பாகூரும் கண்ட சுங்க வரலாறு

புதுச்சேரியின் வரைபடத்தைக் கூர்ந்து நோக்குவோர், அது ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் சிதறிய துண்டுகளாகக் கிடப்பதைக் காண்பர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சில ஊர்களுக்குச் செல்லும்போது வழியிலேயே தமிழ்நாட்டு நிலம் குறுக்கிடும். இன்று அதை நாம் உணர்வதுகூட இல்லை. ஆனால், இங்கே பிரெஞ்சு ஆட்சியும் அதைச் சுற்றி ஆங்கிலேயர் ஆட்சியும் நடந்த காலத்தில் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் ஒரு நாட்டின் எல்லை. அந்த எல்லை ஒவ்வொன்றும் சுங்கத்துக்கு உரிய இடம்.

1941இல் இரு அரசுகளுக்கும் இடையே சுங்க ஒன்றிய ஒப்பந்தம் ஏற்பட்டு, நடுவிலிருந்த சுங்கத் தடை நீங்கியது. விடுதலைக்குப் பின் 1949இல் இந்திய அரசு அந்த ஒன்றியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. தடை மீண்டும் எழுந்தது. வயலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்வோர் நாடு விட்டு நாடு செல்வோராயினர். சுமந்து செல்லும் பொருளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஒரு பொருளுக்கு எந்த அரசு வரி கொள்ள வேண்டும், விற்ற ஊரா, நுகர்ந்த ஊரா என்ற கேள்வியை நம் கிராமத்தார் ஏட்டில் படித்து அறியவில்லை; நடந்தே அறிந்தனர்.

இக்கேள்வி மிகப் பழையது. இஸ்லாமிய வரலாற்றில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வணிகப் பொருள்மீது ‘உஷ்ர்’ என்னும் சுங்கம் ஒழுங்குபடுத்தப்பட்டது. இமாம் அபூயூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். தஃக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் ஒரு குதிரையுடன் வந்தார். அதன் மதிப்பு 20,000 எனக் கணித்து, சுங்க அலுவலர் ஸியாத் பின் ஹுதைர் 1,000 பெற்றுக்கொண்டார். அதே ஆண்டில் அவர் திரும்பி வந்தபோது மீண்டும் 1,000 கேட்கப்பட்டது. அவர் மக்கா சென்று உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். அவர் திரும்பி வருமுன்பே, ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வாங்கலாகாது என்னும் ஆணை அலுவலரின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. கேட்டவர் மாற்றுச் சமயத்தார், பயணி, தனி மனிதர். எனினும் உரிமை உரிமையே எனத் தீர்க்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த நியாயத்தின் சாயல் உண்டு. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம், இறக்குமதியான பொருள் மீண்டும் கடல்வழி ஏற்றுமதியானால், கட்டிய தீர்வையில் எட்டில் ஏழு பங்கைத் திருப்பித் தர வழி செய்தது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அதை 98 விழுக்காடு வரை உயர்த்தியது. பொருள் இங்கே நுகரப்படாதபோது வரியும் இங்கே தங்கலாகாது என்பதே இதன் கருத்து.

1954ஆம் ஆண்டு நமக்கு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் 18இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சுங்க எல்லையும் மறைந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 10இல், பிரான்சில் மோரிஸ் லோரே என்னும் வரித்துறை அதிகாரியின் திட்டப்படி மதிப்புக்கூட்டு வரி சட்டமாயிற்று. 1968இல் அது சில்லறைக் கடைகள் வரை விரிந்தது. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் அவ்வரியோ அதையொத்த வரியோ நடைமுறையில் உள்ளது. நுகரும் நாட்டுக்கே வரி என்பது அதன் அடிப்படை. ஆகவேதான் பயணி வாங்கி வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்குப் பல நாடுகள் வரியைத் திருப்பித் தருகின்றன.

1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதனால் நம் பகுதியில் இரு நாடுகளிலும் கிளை பரப்பிய குடும்பங்கள் பல. அவர்கள் அறிய வேண்டியது இது: பிரான்சில் இந்த உரிமை கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து வருவதன்று, வசிப்பிடத்தைப் பார்த்து வருவது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராயினும் பாகூரில் நிலையாக வாழ்பவர், அதற்குச் சான்று காட்டிப் பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு உடையவராயினும் பாரிசில் குடியிருப்பவர் பெற இயலாது.

அங்கே பெரும்பாலான பொருள்களுக்கு வரி 20 விழுக்காடு. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் புறப்படும் விமான நிலையத்தில் அதைப் பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும். இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் கழிவதால் முழு வரியும் கைக்கு வாராது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 நவம்பர் முதல் இவ்வசதி உண்டு; 5 விழுக்காடு வரி, குறைந்தது 250 திர்ஹம் கொள்முதல். அங்கே வேலை செய்து குடியிருக்கும் மகனுக்கு இது இல்லை. அவனைப் பார்த்துவரச் செல்லும் பெற்றோருக்கு உண்டு.

இந்தியாவில் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வெளிநாட்டுப் பயணிக்கு இதே உரிமையை எழுதி வைத்துள்ளது. ஆனால் 2017 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பிரிவுகளுள் அது இடம்பெறவில்லை.

சோதனை இங்கேதான் தொடங்குகிறது. பாரிசில் குடியிருக்கும் உறவினர் கைபேசியோ கைக்கடிகாரமோ வாங்க விரும்புவார். ஊரிலிருந்து சென்ற விருந்தாளியின் கடவுச்சீட்டைக் கடையில் காட்டினால் வரி குறையும். பொருளோ பாரிசை விட்டு நகராது. குடும்பத்துக்குள்தானே என்று இதை எளிதாக எண்ணுவோர் உண்டு. ஆயின் அந்தப் படிவத்தில் கையொப்பமிடுபவர், பொருளைத் தாமே வெளியே கொண்டு செல்வதாக வாக்களிக்கிறார். அது பொய்யாகும்போது கிடைக்கும் தொகை ஹலாலாகாது. சுங்கச் சட்டத்தின் முன்னும் அது குற்றமே. வரி மீட்டுக் கொண்டுவரும் பொருளுக்கு நம் விமான நிலையத்தில் தீர்வை இருப்பின், அதை அறிவித்துக் கட்டுவதும் அதே கடமையின் மறுபக்கம்.

உரிமையை விடவும் வேண்டா. உரிமையில்லாததைத் தொடவும் வேண்டா. குதிரைக்காரர் தமக்குரியதைக் கேட்க மக்காவரை நடந்தார். அவருக்கு நியாயம் கிடைத்தது, அவர் முறையீடு உண்மையாக இருந்ததால். நம் கையிலுள்ள ரசீதும் அவ்வாறே உண்மை பேசட்டும். வல்ல அல்லாஹ் நம் வாழ்வாதாரத்தைத் தூய்மையாக்கி வைப்பானாக.